நிலச்சாமியின் மேலான சம்மதம்

தைவானின் தென்கரையில் இருக்கும் ஹை-லியாவ் என்ற மீன்பிடி ஊர், சாமி பேச்சைத் தட்டாத ஊர் என்று பெயர் எடுத்தது. வேறு யாரும் கொடுத்த பெயரல்ல. கோயில் நிர்வாகக் குழு கூடி, ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, ஊர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பெயர். ஊர் எல்லையில் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

கோயில், நிலச்சாமி கோயில். தேவலோக உத்தியோகத்தில் நிலச்சாமிக்குக் கடைநிலைப் பதவிதான். அவருக்கு மேலே நகரச் சாமி, அதற்கும் மேலே பலபல சாமிகள், எல்லோருக்கும் உச்சியில் மரகதப் பேரரசர் என்று பெரிய அதிகாரிகள் வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் படகுக்குப் புது எஞ்சின் வாங்கலாமா, பெண்ணைத் தலைநகர் தாய்பெய்க்கு வேலைக்கு அனுப்பலாமா என்பதற்கெல்லாம் பேரரசர் வரைக்கும் போய் நிற்க முடியுமா? ஊர் மட்டத்தில் முடித்துக் கொடுக்கிறவர் நிலச்சாமிதான். வெள்ளைத் தாடி, சிரித்த முகம், பிடி கொடுக்காத பார்வை.

அவர் பதில் சொல்வது பிறைக்கட்டைகள் மூலமாக. மூங்கில் வேரில் செதுக்கிய இரண்டு துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. மண்டியிட்டு, கேள்வியைச் சொல்லி, இரண்டையும் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் முதுகைக் காட்டிக் கவிழ்ந்தால் சம்மதமில்லை. இரண்டும் மல்லாந்து கிடந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். எதற்காகச் சிரிக்கிறார் என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது.

சம்மதமில்லை என்று வந்தால் ஊரில் யாரும் கலங்க மாட்டார்கள். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் மாற்றி மறுபடி கேட்பார்கள். சம்மதம் வரும்வரை கேட்பார்கள். வந்ததும், சாமி சொன்னதற்கு மறுபேச்சு ஏது என்று கைகூப்பி அப்படியே கீழ்ப்படிவார்கள். பலகை வைத்தது சும்மா இல்லை.

ஆ-லியென் மட்டும் இதில் சேர்த்தியில்லை. கோயில் முற்றத்து ஆலமரத்தடியில் சிப்பியும் முட்டையும் கலந்த அடை போட்டு விற்கிறவள் அவள். வயது ஐம்பதைத் தாண்டியும் வாய்த்துடுக்கு குறையவில்லை. "கேக்கறது ஒரு தடவை, பதிலும் ஒரு தடவை. சாமிகிட்ட போயி மீன் மார்க்கெட் மாதிரி பேரம் பேசுவாங்களா?" என்பாள். சொல்லுக்கு ஏற்ற நடத்தையும் உண்டு. இளவயதில் கௌஷியுங் நகரத்து பஸ் டிரைவர் ஒருவர் அவளைப் பெண் கேட்டார். கட்டை கவிழ்ந்தது. அன்றைக்கே, ஒரு அடையைக் காகிதத்தில் கட்டிக் கையில் கொடுத்து, அவரைக் கடைசி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அவருக்கு வாய் நாறும் என்பதும் உண்மைதான். ஆனால் அதைக் கட்டை விழுந்த பிறகுதான் வெளியே சொன்னாள்.

அதிலிருந்து ஊரில் எவர் இரண்டாம் தடவை கட்டையைக் கையில் எடுத்தாலும், ஆ-லியென் தன் கடையிலிருந்தபடியே கரண்டியால் அடைக்கல்லை 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டுவாள். ஊருக்கு அந்த டக்கென்றால் எரிச்சல். அடை ருசியாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில், நிர்வாகக் குழுத் தலைவர் ஹௌ வடக்கே ஒரு சுற்றுப்பயணம் போய்வந்தார். ஹௌ குளியலறை ஓடு வியாபாரி. பளபளப்பு எங்கே கண்டாலும் நின்றுவிடுவார். வடக்கே அவர் கண்ட காட்சி அவரை உலுக்கிவிட்டது. அங்கே சாமிகளெல்லாம் குழந்தைகளாகிவிட்டார்கள். கடலம்மனுக்கு உப்பின கன்னம். போர்த்தெய்வத்துக்குப் பொம்மைக் கண். சாவிக்கொத்தில், தேநீர்க் கோப்பையில், தலையணையில் எல்லாம் குண்டுக் குண்டுச் சாமிகள். இளவட்டங்கள் கூட்டம் கூட்டமாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

"நம்ம சாமி மட்டும் இன்னும் கிழவனாவே உக்காந்திருக்காரு," என்று திரும்பி வந்த அன்றே குழுவில் வருத்தப்பட்டார்.

உடனே தீர்மானம் நிறைவேறியது. இளைய தலைமுறையை ஆன்மிகத்தின்பால் ஈர்க்கும் பொருட்டு, நாலு மாடி உயரத்தில், காற்றடைத்த, கண் சிமிட்டுகிற குழந்தை நிலச்சாமி ஒருவரை முற்றத்தில் எழுந்தருளச் செய்வது. அவ்வளவு பெரிய குழந்தையை உட்காரவைக்க முற்றத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஆலமரத்தடி.

சாமியின் சம்மதம் கேட்கும் நாளில் ஊரே கூடியது. தலைவர் ஹௌ கறுப்புக் கோட்டுப் போட்டு மண்டியிட்டார். கேள்வி எழுதித் தருவதற்கென்றே கோயில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற எழுத்தர் பான், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"அருள்மிகு நிலச்சாமி அவர்களின் மேலான சமூகத்துக்கு. தேவரீரின் குழந்தைத் திருவுருவத்தை நிறுவும் பொருட்டு, ஆலமரத்தடியில் உள்ள ஆக்கிரமிப்பை அப்புறப்படுத்தத் தேவரீருக்குச் சம்மதம்தானே?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் முதுகைக் காட்டின.

"சம்மதமில்லையாம், தலைவரே!" ஆக்கிரமிப்பு தன் கடையிலிருந்து குரல் கொடுத்தது.

"நீ சும்மா இரு, ஆ-லியென். சாமிக்கு வயசாச்சு, காது மந்தம்."

"காது மந்தம்னா பதிலே வந்திருக்காதே. இது பளிச்சுன்னு வந்திருக்கு."

தலைவர் பானைப் பார்த்தார். "ஆக்கிரமிப்புன்னு எழுதினா எந்தச் சாமிக்குப் பிடிக்கும்? கொஞ்சம் இங்கிதமா எழுதக் கூடாதாய்யா?"

"இடமாற்றம்னு போடட்டுங்களா?"

"போடு, போடு."

டக்.

இடமாற்றத்துக்கும் சாமி சம்மதிக்கவில்லை. தற்காலிக இடமாற்றத்துக்கும் சம்மதிக்கவில்லை. டக். டக். கடைசியாக, "பொதுமக்கள் நலன் கருதி" என்று பான் ஆரம்பித்ததும் கட்டைகள் இரண்டும் மல்லாந்து விழுந்தன.

"சிரிக்கிறாரு! சாமி சந்தோஷமா இருக்காரு!" என்று தலைவர் கைதட்டினார்.

"உங்களைப் பார்த்துத்தான் தலைவரே சிரிக்கிறாரு!"

ஊர் கொல்லென்று சிரித்தது. தலைவர் கோபமாக எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நிர்வாகக் காரணங்களால் சாமியின் பதில் ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டு நாள் யோசித்துத் தலைவர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். குற்றம் சாமியிடம் இல்லை. ஊரில் கீழ்ப்படிதல் குறைந்துவிட்டது. கீழ்ப்படியாத ஜனங்களுக்கு நடுவே இருந்து இருந்து சாமிக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஆகவே அந்த மாதம் கீழ்ப்படிதல் மாதமாக அறிவிக்கப்பட்டது. விடிந்ததும் கோயில் ஒலிபெருக்கி கத்தத் தொடங்கியது: கட்டையில் வருகிற உத்தரவை ஒரு வாரத்துக்குள் நிறைவேற்றாதவர் எவராயினும், அவருடைய பெயர்விளக்கு அணைக்கப்படும். எவராயினும் என்பதை ஒலிபெருக்கி இரண்டு தடவை சொன்னது.

பெயர்விளக்கு என்றால் விளையாட்டில்லை. கோயில் சுவரில் குடும்பத்துக்கொரு குட்டி விளக்கு, பெயரோடு, வருஷம் முழுக்க எரியும். அது அணைந்த வீட்டில் படகு கவிழும், பிள்ளை பரீட்சையில் தேறாது. பெயர்விளக்கு என்று கேட்டதும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.

கூடவே, பழைய மூங்கில் வேர்க் கட்டைகளுக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவம் அளித்து, கண்ணாடிப் பெட்டியில் பூட்டினார்கள். தலைவர் வெளியூர்த் தொழிற்சாலையில் சொல்லிச் செய்த புதுக்கட்டைகள் வந்தன. சிவப்பு நிறம், தங்க விளிம்பு.

"வழுக்காது, உருளாது, சந்தேகத்துக்கு இடம் வைக்காது," என்று தலைவர் எல்லோருக்கும் காட்டினார்.

பான் கையில் வாங்கிப் பார்த்தார். "தலைவரே, கொஞ்சம் கனமா இருக்கே?"

"பக்தின்னா கனமாத்தான்யா இருக்கும்."

இந்தத் தடவை ஆக்கிரமிப்பு என்றே கேள்வி வாசிக்கப்பட்டது. கட்டைகள் விழுந்து, ஆடாமல் அசையாமல், ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு என்று உட்கார்ந்தன. சாமிக்குச் சம்மதம்.

ஆ-லியென் கல்லைத் தட்டவில்லை. வாதாடவும் இல்லை. ஊரெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. அவளுக்கு வீடென்று இருந்தது படுக்க மட்டும்தான். உட்கார்ந்து, சிரித்து, ஊரை வம்புக்கு இழுத்து, வாழ்ந்ததெல்லாம் இந்த மரத்தடியில். இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஆளுக்கொரு மூலையைப் பிடித்து முடிச்சவிழ்க்க உதவினார்கள். கீழ்ப்படிதல் மாதமல்லவா?

சாமியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கோயிலுக்குள் போனாள். ஊதுவத்தி ஏற்றினாள். எதிரே தட்டில் சிவப்புக் கட்டைகள். ஒரு நினைப்பு வந்தது. முதலில் கேட்டவர் தலைவர். இப்போது கேட்கப்போகிறவள் நான். ஆளே வேறு, ஆகவே இது இரண்டாம் தடவை ஆகாது. இந்த நியாயம் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"சாமி, நான் அந்த மரத்தடியிலேயே இருந்துக்கலாமா?"

சம்மதம்.

அவள் போட்ட கூச்சலில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன. தலைவர் ஓடி வந்தார்.

"அதெப்படி? காலையில ஒண்ணு சொன்னவர் மத்தியானம் வேற சொல்வாரா?"

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? உங்க கட்டைதான தலைவரே. சந்தேகத்துக்கு இடம் வைக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

தலைவர் வாயைத் திறந்தார். கட்டை என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. "ரெண்டுமே சாமி உத்தரவு," என்றார் தலைவர் களைப்பாக. "ரெண்டுக்கும் கீழ்ப்படிஞ்சாகணும்."

"ஒரே இடத்துல ரெண்டும் எப்படிங்க இருக்கும்?" என்று பான் கேட்டார்.

"கீழ்ப்படியறவன் எப்படின்னு கேக்கக் கூடாதுய்யா. எழுது."

பான் எழுதினார். குழந்தைச் சாமி ஆலமரத்தடியில் காலை நீட்டி அமர்வது. நீட்டிய இரு திருவடிகளுக்கும் நடுவில் அடைக்கடை தொடர்ந்து இயங்குவது. அடுப்புப் புகை, சாமியின் இடுப்பைச் சுற்றி ஏறும் குழாய் வழியாக அவரது இடது காதால் வெளியேறுவது.

அதற்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரிசை மட்டும் கோயில் வாசலைத் தாண்டித் துறைமுகம் வரை நீண்டது. முடிதிருத்துகிறவர் மத்தியானத்துக்கு மேல் கடையைச் சாத்தித் தூங்கலாமா என்று கேட்டார், சம்மதம். ஒரே துறையில் படகு கட்ட இரண்டு மீனவர்கள் தனித்தனியே கேட்டார்கள், இருவருக்கும் சம்மதம். படகுமேல் படகு ஏறி நின்றது. மாமியார் தனக்குத் தனிச் சமையலறை வேண்டும் என்று கேட்டாள், மருமகள் மாமியாரே வேண்டாம் என்று கேட்டாள், இரண்டு பேரும் சாமியின் கருணையை நினைத்து அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தவிர யாருமில்லை. பிறகு ஆசிரியரும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

தலைவரின் மனைவி, அக்கா தங்கைகளோடு ஜப்பானில் ஹொக்கைடோவுக்குப் பனி பார்க்கப் போகலாமா என்று கேட்டாள். வீட்டில் அன்றைக்கு ராத்திரி சமையல் இல்லை.

"நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார் ஹௌ.

"அதையும் கேட்டேன். நீங்களே சமைச்சுக்கலாமான்னு. சாமி சரின்னுட்டாரு. கீழ்ப்படிங்க."

ஆ-லியெனும் சும்மா இருக்கவில்லை. ஊர்வலத்தில் தலைவர் வெறுங்காலோடு பல்லக்குத் தூக்கலாமா என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டு வைத்தாள். தலைவர் தூக்கினார். நல்ல வெயில், தார் ரோடு. அவர் முகத்தில் அத்தனை பக்தியை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. கட்டை பொய் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல முடிகிற ஒரே ஆள் அவர்தான் என்பதுதான் சங்கடம்.

திறப்பு விழாவுக்கு மாவட்டத்திலிருந்து துணை அதிகாரி ஒருவர் வந்தார். முற்றத்தில் குழந்தைச் சாமி நாலு மாடி உயரத்துக்கு உப்பி உட்கார்ந்து கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். கால்களுக்கு நடுவில் ஆ-லியென் அடை போட்டுக்கொண்டிருந்தாள். சாமியின் இடது காதிலிருந்து சிப்பி வாசனையோடு புகை வந்துகொண்டிருந்தது. வெளியூர் இளவட்டங்கள் நிஜமாகவே வந்து செல்ஃபி எடுத்தார்கள். அன்றைக்கு வியாபாரம் அமோகம். அடுப்பை முழுசாக ஏற்றினாள்.

குழாய் கொதித்தது. சாமியின் இடுப்புத் தையல் மெல்ல விட்டது.

துணை அதிகாரி மேடையில் எழுந்து நின்று பேச வாயெடுத்த நேரம், நிலச்சாமி அவரைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். அதிகாரி பழக்க தோஷத்தில் பதிலுக்குக் குனிந்தார். சாமி இன்னும் கொஞ்சம் குனிந்தார். மரியாதையில் தோற்க விரும்பாத அதிகாரியும் இன்னும் குனிந்தார். சாமி கண் சிமிட்டினார். கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

தலைவர் ஹௌ பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! பாருங்கள்! கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று தெய்வமே நமக்குக் கீழ்ப்படிந்து காட்டுகிறார்!"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சாமி முழுசாகக் குப்புற விழுந்து நமஸ்கரித்தார். மேடை, அதிகாரி, தலைவர், மேடையில் தட்டில் வைத்திருந்த சிவப்புக் கட்டைகள் எல்லாம் அவருடைய வலது கன்னத்துக்கு அடியில் மறைந்தன.

எல்லோரையும் இழுத்து வெளியே எடுத்தார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. மேடைக்கால் ஏறி ஒரு கட்டை மட்டும் பிளந்துபோயிருந்தது. பான் அதன் உள்ளிருந்து விழுந்த இரும்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா அது?" என்றார் தலைவர், தலைமயிரெல்லாம் கலைந்து.

"பக்திங்க," என்றார் பான். "நீங்க சொன்ன மாதிரியே நல்ல கனம்."

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கட்டைக்குள் இரும்பு எப்படி வந்தது என்பதை ஆராய்ந்து, அது வந்த விதமாகவே வந்திருக்கிறது என்ற முடிவுக்குக் குழு வந்தது. சிவப்புக் கட்டைகளில் வாங்கிய சம்மதங்கள் யாவும் செல்லாது. பழைய கட்டைகளில் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியது. குழுவின் தலைவர் ஹௌதான்.

ஊருக்குக் கோபம் வந்தது. ஏமாற்றினதற்காக அல்ல, நிறுத்தினதற்காக. பழைய கட்டைகள் எடுத்த எடுப்பிலேயே முடிதிருத்துகிறவரின் தூக்கத்துக்கு முதுகைக் காட்டின. "இந்தக் கட்டை சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது," என்று அவர் நடுமுற்றத்தில் கத்தினார். புதுக்கட்டையை ஒட்டவைத்தாவது தாருங்கள் என்று ஒரு மகஜர் கூடத் தயாரானது.

ஆ-லியென் அதில் கையெழுத்துப் போட மறுத்தாள். "கள்ளக் கட்டையில வந்த இடம் எனக்கு வேணாம். நிஜக் கட்டையில கேக்கறேன். ஒரு தடவை கேப்பேன். இல்லைன்னா இன்னிக்கே கிளம்பிடுவேன். நான் உங்களை மாதிரி இல்ல."

சொல்லும்போது அவள் குரல் கணீரென்று இருந்தது. ஊர் திரண்டு பின்னால் வந்தது. முட்டி போட்டாள். பழைய கட்டைகளை இரண்டு கையிலும் ஏந்தினாள். "சாமி, நான் உன் பேச்சைத் தட்டினதே இல்ல. அது உனக்கே தெரியும். மரத்தடியில இருக்கவா?"

கட்டைகள் விழுந்து, ஒன்றையொன்று இடித்து, உருண்டு, நின்றன. இரண்டும் முதுகைக் காட்டின.

கூட்டம் தரையைப் பார்த்தது. தலைவர் ஹௌ கூடக் குனிந்து, தார் ரோட்டில் வெந்த காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டார். ஆ-லியென் சாமியைப் பார்த்தாள். வெள்ளைத் தாடி, சிரித்த முகம். திரும்பி மரத்தைப் பார்த்தாள். ஆலம் விழுதுகளுக்கு நடுவில், பாதி அவிழ்ந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமிமேல் கோபம் வந்தது.

கை நீண்டது. கட்டைகளை எடுத்தது.

டக்.

அவளுடைய கடையிலிருந்து, அவளுடைய கல்லில், அவளுடைய கரண்டியால். யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"தரை ஈரமா இருக்கு," என்றாள் ஆ-லியென்.

"ஆமாமா, ஈரம்தான்," என்றார் முடிதிருத்துகிறவர்.

தலைவர் ஹௌ கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, காய்ந்துகிடந்த தரையை நன்றாகத் துடைத்தார். பான் பேனாவைத் திறந்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இருக்கவான்னு கேட்டா சாமிக்கு என்னக்கா புரியும்? கொஞ்சம் இங்கிதமா எழுதித் தரேன், இருங்க."

எழுதிக் கொடுத்தார். கட்டை கவிழ்ந்தது. வேறு மாதிரி எழுதினார். சாமி சிரித்தார். ஊரே கூடி நின்று ஆளுக்கொரு சொல் எடுத்துக்கொடுத்தது. அத்தனை ஒற்றுமையை ஹை-லியாவ் அதற்குமுன் கண்டதில்லை. மத்தியானம் சாய்ந்து, கேள்வி ஒரு முழத் தாளுக்கு வளர்ந்த பிறகு, ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தது.

சாயங்காலம் மரத்தடியில் அடுப்பு எரிந்தது. தலைவர் ஹௌ வீட்டில் சமைக்க ஆளில்லாமல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து அடை தின்றார். வெளியூர்ப் பையன் ஒருவன், சரிந்த குழந்தைச் சாமியைப் படம் எடுத்துக்கொண்டே, ஊர்ப் பலகையைப் பார்த்தேன், அதென்ன அப்படி ஒரு சாமி என்று விசாரித்தான்.

"எங்க சாமியா?" ஆ-லியென் அடையைத் திருப்பிப் போட்டாள். "தங்கமான சாமிப்பா. முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிப்பாரு. பொறுமையா எடுத்துச் சொன்னா, சொன்ன பேச்சைக் கேட்டுக்குவாரு."